இருபது கட்டம்

திங்கக்கிழமை கோயமுத்தூர்ல
என்ற முதுகுல கட்டம் கட்டுனாங்க.
நாலுக்கு அஞ்சு, இருபது,
தாயக்கரமாட்டம்.
கட்டத்துக்கு ஒரு கடுகளவு மருந்து:
சிமெண்டுல இருக்கறது, தலைச்சாயத்துல இருக்கறது,
ஸ்டிக்கர் பொட்டுப் பசை, செண்டு,
ரோட்டோரத்துப் பார்த்தீனியம்.
மேல பிளாஸ்திரி.
"ரெண்டு நாளைக்குக் குளிக்கப்படாது,
வேர்க்கப்படாது"ன்னாங்க டாக்டரம்மா.
சித்திரை மாசமுங்க.
திருப்பூர்ல தகரம் வேஞ்ச லைன் வீடு.
வேர்க்கப்படாதாம்.

ஒன்றரை வருசமா இந்தக் கை.
விரல் சந்துல வெடிப்பு, நீர்க்கொப்புளம்,
ராத்திரி ரெண்டு மணிக்குச் சொறிஞ்ச சொறியில
தலகாணி உறையெல்லாம் ரத்தப் பொட்டு.
கத்திரிக்காயை விடுன்னாங்க, விட்டேன்.
கருவாட்டை விடுன்னாங்க.
சூடுன்னு விளக்கெண்ணெய் வெச்சேன்.
மெடிக்கல்ல குடுத்த டியூப்பைத் தடவுனா
நாலு நாள் வாடிக் கிடக்கும்,
அஞ்சாம் நாள் வட்டியோட வரும்.

கம்பெனியில நான் பட்டன் அடிக்கறவ.
கைக்குழந்தைச் சட்டைக்கு டிச்சு பட்டன்.
மிதிச்சா டக்கு, எடுத்தா அடுத்தது,
ஷிப்டுக்கு ரெண்டாயிரத்துச் சொச்சம்.
ஏத்துமதிச் சரக்குக்கு வர்ற பட்டன் பொட்டியில
சோதனைச் சீட்டு ஒட்டியிருக்கும்:
நிக்கல் இல்லை.
கடலுக்கு அக்கட்டால ஒரு குழந்தைக்குத்
தொப்புள் செவக்கப்படாது பாருங்க.
லோக்கல் பொட்டியில சீட்டு கெடையாது.
ரெண்டுக்கும் இதே கைதான்.

டீ நேரத்துல எல்லாத்துக்கும் எவர்சில்வர் டம்ளர்,
எனக்கு மட்டும் காயிதக் கப்பு.
"ஒட்டுவாரொட்டியா இருந்துட்டா?"
சூப்பர்வைசர் சென்னியப்பன்.
எனக்கு அது புதுசில்லீங்க.
எங்க தெருவுக்கே ஒரு காலத்துல தனி டம்ளர்தான்.
அதுக்குக் கையில புண்ணுகூடத் தேவைப்படலை.

கம்பெனி ஒரு நல்லதும் பண்ணுச்சு.
மஞ்சக் கலர்ல ரப்பர் கிளவுசு.
"போட்டுக்க பூவாத்தா, சரியாப் போயிரும்."
போட்டேன்.
விரலோட இருந்தது மணிக்கட்டுக்கு ஏறுச்சு.

முதுகை யார் பார்ப்பா?
பையன் ஹாஸ்டல்ல.
அவங்கப்பன் லாரியோட நாசிக் தாண்டி.
பக்கத்து ரூம் மினதி பார்த்தா, ஒடிசாக்காரி.
எண்ணு மட்டும் அவளுக்குத் தமிழ்ல சுத்தமா வரும்,
பீஸ் ரேட்டு கத்துக்குடுத்த தமிழ்.
பிளாஸ்திரி ஓரம் பிரிஞ்சா அமுக்கி விடுவா.
அட்டையில விசிறுவா,
நான் குப்புறக் கிடப்பேன்.

புதன்கிழமை பிரிச்சாங்க.
நாலாவது கட்டம் தடிச்சிருந்தது. நிக்கல்.
டாக்டரம்மா என்ற தாலிக்கொடியைப் பார்த்தாங்க,
அதுல தொங்கற ஊக்கு நாலையும் பார்த்தாங்க.
கழட்டி மேசையில வெச்சேன்.
அந்த எடத்துல ஒரு கருந்தழும்பு
எத்தனையோ வருசமாப் பேரில்லாமக் கிடந்தது.
"வெள்ளிக்கிழமை வாங்க,
சிலது மெதுவாத்தான் எழும்."

வியாழன் ராத்திரி முதுகுல நெருப்பெறும்பு.
சொறியப்படாது, சுவத்துல தேய்க்கப்படாது.
மினதி போன் வெளிச்சத்துல எண்ணுனா:
"பதிமூணு... பதினாலு...
அக்கா, பதினஞ்சு."
போட்டோ எடுத்துக் காட்டுனா.
நாப்பத்தோரு வருசத்துல
என்ற முதுகை அன்னிக்குத்தான் பார்த்தேன்.
அகலமான முதுகுங்க.
பேனாக் கோட்டுக்கு நடுவுல ஒரே ஒரு செவப்பு வட்டம்.

பதினஞ்சு, ரப்பராம்.
கிளவுசு செய்யறப்பக் கலக்கற சரக்காம்.
நான் சிரிச்சுட்டேன்,
டாக்டரம்மா நிமிந்து பார்த்தாங்க.

தொடக் கூடாததையெல்லாம் சீட்டுல எழுதிக் குடுத்தாங்க.
"மேல ஒண்ணு எழுதுங்கம்மா,
பெரிய எழுத்துல, தமிழ்ல."
எழுதுனாங்க:
இது யாருக்கும் ஒட்டாது.

சனிக்கிழமை டீக்கேனுக்கு மேல அதை ஒட்டுனேன்.
எவர்சில்வர் டம்ளரை நானே எடுத்தேன்.
அதுலயும் நிக்கல் இருக்குதாம்,
ஆனா டீ குடிக்கற நேரத்துக்கு ஒண்ணும் பண்ணாதாம்.
கேட்டுக்கிட்டுத்தான் வந்தேன்.