தப்பாகத் தெரிந்த மஞ்சள்

அந்த வருஷம் குதாய்சியில் மின்சாரம்
கடன்காரன் மாதிரி
வந்தால் உட்கார மாட்டான், போனால் சொல்ல மாட்டான்.
லாரியிலிருந்து கழற்றி வந்த பேட்டரியில்
ஓடியது எங்கள் டிவி,
சாப்பாட்டுத் தட்டளவு, கறுப்பு வெள்ளை.
மூன்றாம் மாடியில் பதினொரு பேர்
மேல்கோட்டைக் கழற்றாமலே உட்கார்ந்திருப்போம்.

எங்கோ வெயில் நாட்டுத் தொடர்.
எல்லாப் பெண்களுக்கும் ஒரே குரல்,
ஜலதோஷம் பிடித்த ஒரு ருஷ்ய ஆளின் குரல்.
காதலைச் சொன்னாலும் கொலையை ஒப்புக்கொண்டாலும்
ரயில் தாமதம் என்று அறிவிப்பது போலவே சொல்லுவான்.
அதனால் நான் பேச்சை விட்டுவிட்டு
உடுப்பைக் கேட்டேன்.

விடுதிக்காரி ஒலிந்தா
கையுறையை விரல் விரலாகக் கழற்றுவாள்.
ஐந்தாவது விரல் வருவதற்குள்
எதிரே நிற்பவன் உண்மையைக் கக்கிவிடுவான்.
இன்ஸ்பெக்டர் கசில்டா
இடுப்புப் பட்டையைக் கொக்கியில் மாட்டுவதே இல்லை,
ஒரு முடிச்சு, அவ்வளவுதான்,
ஏதோ பாதியில் எழுந்து வந்தவள் போல.

என்ன நிறம் அந்தக் கோட்டு?
கத்துனா சிவப்பு என்றாள்.
போலீஸ்காரிக்கு எதற்குச் சிவப்பு, நீலம்தான் என்றாள் அவள் அம்மா.
எனக்குச் சந்தேகமே இல்லை.
சாமந்தியைக் காயவைத்து இடித்து
அக்ரூட் குழம்பில் போடுவோமே
அந்த மஞ்சள்.

என்னிடம் இருந்தது ஒரே கோட்டு.
அப்பாவுக்கு ரயில்வேயில் கொடுத்த சாம்பல்.
துணி வெளுக்கும் அண்டாவில் அதைப் போட்டு
படிகாரம் போட்டு
குளிர்காலத்துக்கு வைத்திருந்த பொடி முழுவதையும் கொட்டினேன்.
கைகள் பிடித்தன, முதுகு பிடிக்கவில்லை,
ஒரு காலர் மட்டும் பூத்தது.
அம்மா நான்கு மாதம்
வெளிறிய குழம்பை என் தட்டில் ஊற்றி
ஒன்றும் பேசாமல் பார்த்தாள்.

கசில்டாவின் கால்களை
ஒரு தடவைகூடக் காட்டவில்லை.
இடுப்போடு அவள் முடிந்துபோவாள்.
அதற்குக் கீழே
நானே யோசிக்க வேண்டியிருந்தது.
சேற்றுக்கு ரப்பர் பூட்ஸ்,
அதற்குள் தம்பியின் கால்பந்துக் காலுறை, வரி வரியாக.
வெள்ளைப் பாலத்தில் பையன்கள் சிரித்தார்கள்.
நான் முடிச்சை அவிழ்த்து
மெதுவாக மறுபடி போட்டேன்.
சிரிப்பு நின்றது என்று சொல்ல ஆசைதான்.
நிற்கவில்லை.
எனக்குத்தான் அவசரம் போய்விட்டது.

இப்போது மருந்துக்கடையில் இரவு வேலை.
இது நான்காவது மஞ்சள் கோட்டு,
கிலோ கணக்கில் விற்கும் பழைய துணிக் கடையில் எடுத்தது.
அந்த மஞ்சள் பெண்ணிடம் கேள் என்பார்கள்,
என் பெயர் நானுலி என்று தெரிந்தவர்களும்.

போன வாரம் கிரேக்கத்திலிருந்து கத்துனா
ஒரு வீடியோ அனுப்பினாள்.
அதே தொடர், நிறத்தோடு.
நீதிமன்றப் படியில் கசில்டா இறங்குகிறாள்,
காலர் தூக்கி, முடிச்சு போட்டு.
கோட்டு சாம்பல்.

அப்பாவுடைய அதே சாம்பல்.
அண்டாவில் போடாமல் இருந்திருந்தால்
அன்றைக்கே நான் அவள்தான்.

கவுண்டரில் தலையைக் கவிழ்த்துச் சிரித்தேன்.
இருமல் மருந்துக்கு நின்ற கிழவர்
எண்பது தெத்ரி சில்லறையை எண்ணிக்கொண்டே
என்னவாம் என்றார்.
என்னவென்று சொல்ல?

கடை மூடும்போது ஆறு மணி, பனி.
கையுறையை மாட்டிக்கொண்டேன், பச்சை,
கழற்றும்போது விரல் விரலாகத்தான்.
கத்துனாவுக்கு எழுதினேன்:
பார்த்தேன். நன்றி.
ஒலிந்தாவின் கையுறை என்ன நிறம் என்று
தெரிந்தால்
தயவுசெய்து சொல்லிவிடாதே.