ஒன்றிலிருந்து பத்து வரை

வின்னிபெக், மைனஸ் இருபத்தாறு.
வீட்டில் பிள்ளைகள் படுத்துவிட்டார்கள்,
பாடம் காருக்குள்தான்.
ஹீட்டரை நிறுத்த வேண்டும். அது இரைந்தால்
என் ‘வி’யும் ‘டபிள்யூ’வும் ஒன்றாகக் கேட்கும்.
இரையாவிட்டாலும் சிலவேளை ஒன்றுதான்.
ஸ்டியரிங்கில் போனைச் சாய்த்து
தொண்ணூறு விநாடி,
மூச்சு படிந்து லென்ஸ் மங்குமுன்.

நாற்பத்தோராம் பாடம்: டாக்டரோடு கதைப்பது.
ஐ ஹேவ் எ பெயின்.
திருப்பிச் சொல்லுங்கோ என்று
இரண்டு விநாடி இடம் விடுவேன்.
அதற்குள் எந்தெந்தச் சமையலறையில்
எத்தனை வாய் அசைகிறதோ.
எனக்குத் தெரிவது இதயக் குறிகள் மட்டும்.

பிராண்டனிலிருந்து அற்புதராணி எழுதினார்:
‘பிள்ளை, வலி சரி.
உளையுது என்றதுக்கு இங்கிலீஷ் என்ன?
வியாழன் எனக்கு அப்பாயின்ட்மெண்ட்.’

‘ஏக்’ என்று போட்டேன்.
‘தலையிடிக்கும் அதைத்தானே சொன்னீங்கள்.’

ஸ்கார்பரோவில் ஒருவர் ‘சோர்’ என்றார்.
மெல்பேர்னில் ஒரு தாதி ‘த்ராபிங்’ என்றார்.
அது விண்விண் என்று தெறிக்கிறதல்லவா,
உளைவுக்கு ஏது துடிப்பு
என்று இன்னொருவர் சண்டைக்கு வந்தார்.
குத்துது, கடுக்குது, சுள்ளென்று இழுக்குது,
எரியுது, விறைச்சுப்போய்க் கிடக்குது,
ஒரு ஆங்கிலப் பாடத்தின் கீழே
இருநூற்றுப் பதினேழு பதில்,
அவரவர் உடம்பைப் பிரித்து வைத்ததுபோல.
ஒரு பெண் மட்டும் கேட்டிருந்தாள்:
அக்கா, உங்கட லிப்ஸ்டிக் எந்தக் கடை?

சனிக்கிழமை குரல் பதிவு வந்தது.

‘ஒன்றிலிருந்து பத்துக்குள்ள சொல்லட்டாம், பிள்ளை.
நான் காலைக் காட்டி
உளையுது, உளையுது என்றன்.
அவ நல்ல பிள்ளை, குனிஞ்சு பார்த்தா.
பிறகும் நம்பர்தான் கேட்டா.
ஏழு என்றன்.
ஏன் ஏழு என்று எனக்கே விளங்கேல்லை,
தினமும் ஏறுற பஸ் நம்பர் மாதிரி
வாயில வந்திட்டுது.’

சிரித்தார்.
அதன்பின் கொஞ்ச நேரம்
பிரிட்ஜ் உறுமுவது மட்டும் கேட்டது.

‘ஆனா வடிவாச் சொன்னனான்.
செவன்.
நடுவில வாற வி-க்கு
கீழ்ச்சொண்டைப் பல்லால கடிச்சு,
நீங்கள் காட்டினபடியே.’

ஹீட்டரை நிறுத்திவிட்டு
இன்னொரு தரம் கேட்டேன்.
இன்னொரு தரம்.

உச்சரிப்பில் பிழை இல்லை.