பத்து விநாடித் தூக்கம்

முட்டத்தில் கரண்ட் போய்
வந்தபோது மணி மூன்று பத்து.
ஐஸ் பிளான்டின் பின்னறையில்
சர்வர் தானாக எழுந்துகொண்டது.
மீன்வாடை ஏறிய கேபிள்கள்.
ஜன்னலில் கலங்கரை விளக்கின் ஒளி
வந்து, போய், வந்து.

பதினோராவது விநாடியில்
விர்ச்சுவல் மெஷின் கண் திறந்து
தன் டிஸ்க்கைத் தேடியது.
டிஸ்க் என்று அதனிடம் இருப்பது
ஒரு பெயர், ஒரு சாக்கெட், அவ்வளவுதான்.
நிஜ டிஸ்க்கைக் கையில் வைத்திருப்பது
பின்னால் நிற்கிற வேறொரு ப்ராசஸ்.
அதுவோ அப்போது
கரண்ட் போன நொடியில்
எந்த எழுத்து பாதியில் நின்றதென்று
தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தது.

சாக்கெட் இருந்தது. வினையே அதுதான்.
போனமுறை செத்த ப்ராசஸ்
துடைக்காமல் விட்டுப்போன கோப்பு;
அழியாத இடத்தில் அதை வைத்தவள் நான்.
கதவு உண்டு, உள்ளே ஆளில்லை.
மெஷின் ஒருமுறை தட்டியது.
மறுமுறை தட்டலாம் என்று
அதற்கு யாரும் சொல்லி வைக்கவில்லை.
விழுந்தது.

"பிளெஸ்லின், எடைச்சீட்டு வரல்ல.
வள்ளம் நாலு கரையில நிக்கு."
ஏலக்கூடத்திலிருந்து ததேயு.
எழுதி வையுங்கண்ணே என்றேன்.
"எதுல?"
எதுலயாவது.

போன ஆனியில் நான் போட்ட வரி:
பின்னவன் கிளம்பியதும்
பத்து விநாடி தூங்கு, பிறகு எழு.
அவனுக்கு ஏழு போதும்.
மிச்சம் மூன்று என் தாராளம்.
ஒரு வருஷம் ஓடியது அந்தத் தாராளத்தில்.
இன்றைக்கு அவன் கேட்டது
இருபத்தி மூன்று.

சுவருக்கு அப்பால் கம்ப்ரசர் இரைகிறது.
அந்தச் சத்தத்தை நம்பி
லாரியோடு வந்து நிற்பவர்களிடம்
ததேயு கேட்கிற கேள்வி ஒன்று உண்டு:
"ஓடுது. உறைஞ்சுதா?"

எனக்கு அது மூன்றரை மணிக்குத்தான் உறைத்தது.

மாற்றி எழுதினேன்.
பின்னது கிளம்புமுன் பழைய சாக்கெட்டைத் துடைக்கட்டும்.
காதைத் திறந்து உட்கார்ந்த பிறகு
தன் வாயாலேயே தயார் என்று சொல்லட்டும்.
அந்தச் சொல் வரும்வரை
முன்னது பிறக்கவே வேண்டாம்.
பிறந்தபின் நடுவழியில் பின்னது செத்தாலும்
கூடச் சாகாதே,
எழுதக் கொடுத்ததைக் கையில் பிடித்துக்கொண்டு
விநாடிக்கு ஒருதரம் தட்டிக்கொண்டே இரு.
அணைக்கும்போது தலைகீழ், முன்னது முதலில்;
இதை மறந்துபோய்
நாலு மணிக்கு மறுபடி திறந்து சேர்த்தேன்.

ஸ்லீப் பத்தை அழிக்க மனசு வரவில்லை.
முன்னால் ஒரு # போட்டு
ஊமையாக்கி விட்டேன்.

வாட்ச்மேன் ஞானதாசிடம்
மெயினை இறக்கச் சொன்னேன்.
"வந்த கரண்டையா?"
வந்த கரண்டைத்தான்.

விசிறிகள் மூச்சுவிட்டு அடங்கின.
கடல் மட்டும் ஓட்டத்தில் இருந்தது.

ஏற்றினார். எண்ணினேன்.
ஏழு.
பத்தில் என் தோள் தானாக இறுகியது.
பதினெட்டு. திரையில் ஒன்றுமில்லை.
ஒன்றுமில்லாமல் இருப்பதற்கா
இவ்வளவு எழுதினேன் என்று தோன்றியது.
ஆமாம், அதற்குத்தான்.
இருபத்தி ஆறில் ஒரே வரி:
தயார்.
மெஷின் அதற்குப் பிறகு பிறந்தது,
டிஸ்க்கைக் கேட்டது,
இருந்தது.

"சீட்டு வந்தாச்சு பிள்ளே.
நெத்திலி, நாப்பத்தெட்டு கிலோ."
பின்னால் ஏலக்குரல், தராசுச் சத்தம்,
யாரோ யாரையோ வைகிறார்கள்.

அட்டையை எறிஞ்சிராதீங்க, அந்தக் கணக்கை ஏத்தணும்.

"எறியல்ல.
பீடிக்கட்டு அட்டை, பின்பக்கம் நெறஞ்சாச்சு.
இப்போ ரெண்டாவதுல எழுதிட்டு இருக்கேன்."

சீட்டுதான் வருதே அண்ணே.

"வருது, வருது" என்றார்.
பேனா நகரும் சத்தம் கேட்டது.