பஞ்சர் கடைக்குப் பின்னால்

புதுச்சத்திரம் தாண்டி
நாலுவழிச் சாலை லேசாக வளைகிற இடத்தில் என் கடை.
ஆணியைத் தேடுவதற்கு முன்
டயர் இடுக்கில் ஸ்குருடிரைவரை விட்டு
மண்ணை நோண்டிவிடுவேன்.
ஓசூர் மண் காப்பித்தூள் மாதிரி உதிரும்.
நெய்வேலிச் சாம்பல் விரலில் அப்பினால்
சோப்புக்கும் மசியாது.
பண்ருட்டிச் சிவப்பு, அரியலூர்ச் சுண்ணாம்பு,
எல்லாம் ஒரே முறத்தில் கூட்டி
பின்பக்கம் கொட்டுவேன்.

பின்பக்கம் வெறும் மணல்.
முந்திரித் தோப்பு வேலிவரை
அடும்புக்கொடியும் ராவணன் மீசையும்.
பதினோரு வருஷமாக அதுதான்.

ஐப்பசி மழை விட்ட எட்டாம் நாள்
கேரட் இலைபோல் ஒரு பச்சை.
“மல்லி வெதச்சியா?” என்றாள் அஞ்சலாட்சி.
கிள்ளி முகர்ந்து மூஞ்சியைச் சுளித்தாள்.
மார்கழியில் இடுப்பளவு,
நொய்யரிசி சிந்தினதுபோல் பூ.
பிடுங்கிய கை முழங்கைவரை தடித்து
மூன்று ராத்திரி தூக்கமில்லை.
பார்த்தீனியம் என்றார் மருந்துக்கடைக்காரர்.
“எங்கேர்ந்து வந்துச்சு அங்க?”
நான் என் நகக்கண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதற்கப்புறம்
ரோட்டைப் பார்த்தால் ரோடு மட்டும் தெரிவதில்லை.
ஓரத்து வெள்ளைக் கோட்டுக்கு வெளியே
இன்னொரு வெள்ளைக் கோடு,
யாரும் பெயின்ட் அடிக்காதது.
பட்டப்பகலில், டோல் கட்டாமல் நடக்கிறது.
லாரி கிளப்பும் காற்றில் ஒரு முழம்,
ஜேசிபி வாளியில் ஏறினால் ஒரே நாளில் அடுத்த ஊர்.
ஆலப்பாக்கத்துப் பக்கம்
மதகுக் குழாயில் நுழைந்து
வாய்க்காலுக்குள் இறங்கிவிட்டதை நானே பார்த்தேன்.
அதற்கப்பால் வயல்.

நேற்று ஒரு டிப்பர்.
டிரைவர் பேர் கலியவரதன், பண்ருட்டிப் பக்கம்.
கிள்ளைக்கு அந்தாண்டை புது ரோடு போடுகிறார்களாம்,
கிராவல் நடை, ஒரு நாளைக்கு ஆறு.
“அங்க முன்னாடி என்ன இருந்துச்சு?”
“ஒண்ணுமில்லண்ணே. பொட்டல், உப்பங்கழி, கொக்கு.”

பஞ்சர் ஒரு சக்கரத்தில்தான்.
நான் பத்தையும் நோண்டினேன்.
இடுக்கு இடுக்காக,
உள்சக்கரத்துக்குக் குப்புறப் படுத்து.
அவன் ரெண்டு டீ குடித்து முடித்து
ஹாரன் அடித்துக் காட்டினான்.
வந்ததையெல்லாம் பழைய பெயின்ட் டப்பாவில் போட்டு
மூடியைச் சுத்தியலால் தட்டினேன்.

காற்று நூற்றிப்பத்து வைத்து
முதுகைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தால்,
தார்ப்பாய் கட்டாத லோடின் உச்சியில்
செம்மண்ணில் வேரோடு சாய்ந்து ஒரு செடி.
வாடக்கூட இல்லை.
நொய்யரிசிப் பூ காற்றுக்குத் தலையாட்டியது.

“எவ்வளவுண்ணே?”
“நூத்தம்பது.”