பூஜ்யம் என்றால் பழுது

மூன்றாவது வெள்ளை மேலங்கியும்
கொடியை உதறிவிட்டு
மெகல்லன் நீரிணைப் பக்கம் பறந்த அன்றுதான்
பற்றவைக்கும் இரும்பு வாங்கினேன்.

புந்தா அரேனாஸில்
தெருமுனைகளில் கயிறு கட்டியிருக்கும்
மனிதர்கள் பிடித்து நடக்க.
துணிக்கு யார் கட்டுவது?
நண்டு ஆலையில் ஓடு உடைக்கும் வரிசையில்
நான்காவது ஆள் நான்.
நாளுக்கு ஓர் அங்கி.
தொலைத்தால் சம்பளத்தில் பிடிப்பார்கள்.

கைப்பேசியில் வானிலை வராமல் இல்லை.
அது விமான நிலையத்துக் காற்று,
யாருடையதோ.
என் கொல்லையில் அடிப்பது
பால்தொமேரோவின் தகரக் கூரையில் முட்டி
கோழிக்கூட்டை ஒருமுறை சுற்றி
இடுப்புயரத்தில் வந்து சேரும் காற்று.
அதற்கு எங்கேயும் கணக்கில்லை.

ஆகவே
ஒரு மிதிவண்டிச் சக்கரத்தின் அச்சு,
அதில் நான்கு சூப்புக் கரண்டிகள்,
ஒன்று மட்டும் மற்றவற்றைவிடக் கனம்.
ஒரு காந்தம்.
காந்தம் கடக்கும்போதெல்லாம் கண் சிமிட்டும் சுவிட்ச்.
சுற்றுப்பலகை தபாலில் வர ஐந்து வாரம்.
வந்த அன்றே வயரைத் தலைகீழாய்க் கொடுத்துக் கருக்கினேன்.
இன்னோர் ஐந்து வாரம்.
அதற்குள் நிரலை எழுதினேன்,
நண்டு எடை போடும் ரசீதுகளின் முதுகில்.

நூற்றுப் பன்னிரண்டு வரி.
பாதி நான் என்னோடு பேசிக்கொண்டது:
இங்கே ஏன் பதினேழு?
கேட்காதே, ஓடுகிறது.

அடுக்களைச் சுவரில் தீப்பெட்டியளவு திரை.
அதற்கு மூன்று பேச்சுத் தெரியும்.
போடு.
போடாதே.
ஓடிப் போய் எடு.

பால்தொமேரோ வந்து பார்த்தார்.
"கடையில் இதைவிட மலிவாய்க் கிடைக்குமே, எதுவினா."
கிடைக்கும்.
கடைக்காரக் கருவிக்கு
என் கொடியின் நீளம் தெரியாது,
இடப்பக்கத்து ஆணி ஆடுவது தெரியாது.
மறுவாரம் தனக்கும் ஒன்று கேட்டார்.
அச்சு அசலாய்ச் செய்து கொடுத்தேன்.
அவர் வேலியில் அது ஒருநாளும் சரியாய்ச் சொல்லவில்லை.
எனக்குத் துணிக்காற்று, அவருக்குப் படகுக்காற்று.
"பதினேழை மாற்றிப் பாருங்கள்" என்றேன்.
அன்றிலிருந்து
இரவு இரண்டு மணிக்கும் அவர் சன்னலில் விளக்கு.

ஜூலையில் என்னுடையது முதல் பொய் சொன்னது.
போடு, போடு என்றது சாயங்காலம் முழுக்க.
போட்டேன்.
காலையில் கொடிக்கம்பமே சாய்ந்து கிடந்தது.
டார்ச் அடித்துப் பார்த்தால்
கரண்டிகள் உறைபனியில் ஒட்டிப்போய், அசைவற்று.
அசையாத கரண்டிக்குக் காற்று பூஜ்யம்.
பூஜ்யம் என்றால் போடு.
பொய் அதனுடையதில்லை,
என் கையெழுத்தில் இருந்தது.

அன்றே நூற்றுப் பதின்மூன்றாம் வரி:
பத்து நிமிடம் தொடர்ந்து பூஜ்யமா, பழுது.
இந்த ஊரில்
காற்றே இல்லை என்று சொல்லும் கருவி
கெட்டுப்போன கருவி.

நேற்று ஞாயிறு.
திரையில் பழுது.
பனியை உருக்கக் கெட்டிலில் வெந்நீரோடு போனேன்.
பனி இல்லை.
விரல் பட்டதும் கரண்டிகள் சுழன்றன,
பிறகு நின்றன.
காலையில் போட்ட அங்கி
உள்ளே ஆள் இருப்பதுபோல் நேராய்த் தொங்கியது.
எங்கோ ஒரு கப்பல் மேல்தளத்தில்
யாரோ தும்முவது கேட்டது.
கோழிகள் கூட்டைவிட்டு வந்து
எதையோ தொலைத்ததுபோல் நின்றன.

வேலிக்கு அந்தப் பக்கம்
திருப்புளியும் கையுமாய் பால்தொமேரோ.
"உன்னுடையதுமா?"
"என்னுடையதும்."

நூற்றுப் பதினாலாம் வரியை எழுதியிருக்கலாம்.
வெப்பத்தையும் பார்,
உறைநிலைக்கு மேலென்றால் பூஜ்யத்தை நம்பு.
பத்து நிமிட வேலை.
வெந்நீரை மாத்தே இலையில் ஊற்றி
ஒரே குவளையில் மாற்றி மாற்றிக் குடித்தோம்.
அவர் பதினேழைப் பற்றிப் பேசினார்.
இப்போது பத்தொன்பதே முக்காலாம்.

நாலேகால் மணிக்கு
கனத்த கரண்டி ஓர் அங்குலம் நகர்ந்தது.
திரை ஏதாவது சொல்வதற்குள்
நான் கொடியை நோக்கி ஓடிக்கொண்டிருந்தேன்.