அளவு

எனக்கு இடது கால் ஐந்து, வலது கால் ஏழு.
கருங்கல்லில் டென்னிஸ்ராஜ் கடை இருந்தவரை
இரண்டு பெட்டியைப் பிரித்து ஒரு ஜோடியாகத் தருவார்.
அங்கே இப்போது மொபைல் விற்கிறார்கள்.

அப்புறம் ஆன்லைன்.
எடுத்ததெல்லாம் இரண்டிரண்டு ஜோடி, முழுப் பணம்.
மிச்ச ஒற்றைகள் கட்டிலுக்கடியில்.
வார் உரசியதை மட்டும் திருப்பினேன்,
பதினோரு தடவை.

ஒரு செவ்வாய்க்கிழமை, மழை, கரண்ட் இல்லை.
“அளவுக்கு மீறிய திருப்பல்கள்.
தங்கள் கணக்கு மூடப்பட்டது. முடிவு இறுதியானது.”
யாருடைய அளவு என்று எழுதவில்லை.
கையெழுத்தும் இல்லை.

உள்ளே கிடக்கிறது
தம்பி ஷிபின் அனுப்பிய பரிசு அட்டை,
ஆயிரத்து எண்ணூற்று எழுபது ரூபாய்.
மிக்ஸியின் பில்லும் அங்கேதான்,
வாரண்டி இன்னும் எட்டு மாதம்.

உதவி எண்ணில் பையன் பணிவாகச் சொன்னான்:
“கணக்குக்குள்ள போய் புகார் பதியுங்க மேடம்.”
பூட்டினவன் சாவியை
வீட்டுக்குள்ளேயே தேடச் சொல்லுகான்.

நாகர்கோவில், நுகர்வோர் ஆணையம்.
கைப்பிடியைப் பிடித்துப் படியேறினேன்.
இந்தத் தொகைக்குக் கட்டணம் கிடையாதாம்.
“ஆயிரத்து எண்ணூறுக்கா இவ்வளவு தூரம்?”
“எழுபதும் உண்டு” என்றேன்.

“எதிர்த்தரப்பு முகவரி?”
அதுவும் கணக்குக்குள்தான்.
ஆனால் ஒரு அட்டைப்பெட்டியைக் கிழிக்காமல்
நல்லமிளகு போட்டு வைத்திருந்தேன்.
பக்கவாட்டில் ஒட்டிய சீட்டு, பாதி அழிந்து:
பெங்களூரு, நான்காம் தளம், பின்கோடு.

மிளகைத் தட்டிவிட்டு எழுதினேன்.
வரட்டும்.
இங்கேயும் படி உண்டு.