ஜாகிர் அம்மாபாளையத்தில் ஓர் அணை

நேற்று ராத்திரி மழை.
குழாய் பதிக்கத் தோண்டிப்போட்ட குவியலில்
பாதி செம்மண்,
பாதி வெள்ளைக்கல் பொடி.

நிறைமதி அணை கட்டுகிறாள்.
ஆரிப் ஆற்றுக்குக் காவல்.
மதகு, என் தோசைக்கரண்டி.
காலையிலிருந்து அதைத்தான் தேடிக்கொண்டிருந்தேன்.

இடதுபக்கம் கசிவது
மொட்டைமாடியிலிருந்து எனக்குத் தெரிகிறது.
ஒரு கல் போதும். அங்கே. அந்த மூலையில்.
சொல்லத்தான் போனேன்.
பல்லில் கடித்திருந்த துணிக் கிளிப்
விடவில்லை.

உடைந்தது.
மேட்டூரே உடைந்த மாதிரி ஒரு கூச்சல்.
அப்புறம் சத்தமே இல்லை.
இரண்டு தலைகளும் முட்டிக்கொள்ளக் குனிந்து
போன தண்ணீர் போன வழியைப்
பார்த்தபடி இருந்தன.
எந்த வீட்டுப்பாடத்தையும்
இவ்வளவு நேரம் பார்த்ததில்லை அவள்.

கல் வைப்பாள் என்று நின்றேன்.
வைக்கவில்லை.
குதிகாலால் ஒரு கோடு இழுத்து
ஆற்றையே திருப்பிவிட்டாள்,
நேராக எங்கள் வாசலுக்கு.

முட்டிவரை சிவப்பு, முழங்கைவரை வெள்ளை,
முகத்தில் இன்னும் பெயர் வைக்காத ஒரு நிறம்.
கொடியில் திங்கட்கிழமைச் சட்டை
சொட்டிக்கொண்டிருக்கிறது.

கரண்டியை வாங்கிவரத்தான் இறங்கினேன்.
இருட்டப்போகிறது.
என் செருப்பு
இன்னும் கடைசிப் படியில்தான் கிடக்கிறது.